அத்தானின் இடது பக்கம்

விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவந்த டாக்சிக்காரர்தான் சொன்னார். அவரும் நேரில் பார்த்தவர் அல்ல. அவர் மனைவியின் தம்பி படகுத்துறை டீசல் பம்பில் வேலை செய்கிறானாம். அவனும் பார்க்கவில்லை. அலைதடுப்புச் சுவரில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பார்த்ததாக, டீசல் பிடிக்க வந்த யாரோ சொன்னார்களாம்.

“திமிங்கலம் காட்டுறோம்னு கூட்டிட்டுப் போறாங்கள்ல சார், அதுல ஒரு போட்டு குட்டி மேலயே ஏறிடுச்சாம். தாய் பக்கத்துலயே நிக்குதாம். இவங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்துட்டாங்களாம்.”

“யாரோட போட்டு?”

“அங்கதான் விஷயமே. ஏழு போட்டுக்கும் ஒரே பெயிண்ட். தூரத்துலேர்ந்து பார்த்தா எது எதுன்னு தெரியுமா? அவங்களும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க. அந்தத் துறையில ஒருத்தரை ஒருத்தர் கேக்கக் கூடாதாம் சார், அப்படி ஒரு கட்டுப்பாடாம். நல்ல கட்டுப்பாடு! நீங்க எந்தத் தெரு சொன்னீங்க?”

தெருவைச் சொன்னேன். அந்த ஏழில் ஒன்று என் அத்தானுடையது என்று சொல்லவில்லை. வேறு நாட்டில் வேலை பார்க்கிறவனுக்கு ஊரைப் பற்றிப் பாதிச் செய்தி போதும். மீதியைப் பயமே எழுதி முடித்துவிடும். ஏழில் ஒன்றுதானே, மற்ற ஆறு இருக்கிறதே என்று கணக்குப் போட்டபடியே போய் இறங்கினேன்.

அக்கா வீடு, கயிறும் மிதவையும் விற்கும் கடைக்கு மேல்மாடி. படிக்கட்டு முழுக்க நைலான் வாசனை. கதவைத் திறந்தது அத்தான்.

“வா மச்சான்! என்ன, அங்க சாப்பாடு சரியில்லன்னு அக்காகிட்ட அழுத, இங்க வந்து பார்த்தா படிக்கட்டே முனகுது?”

அதே சிரிப்பு. பெட்டியை வாங்கக் கை நீட்டினார். பெட்டி அவருக்கு இடப்புறம் இருந்தது. கை ஒருமுறை காற்றைப் பிடித்துவிட்டுத்தான் பிடிக்கு வந்தது. பயணக் களைப்பில் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன். பிறகு அக்கா டீ கொண்டுவந்தாள். தம்ளரை அவருடைய இடது கைப்பக்கம் வைத்தாள். வைத்த வேகத்திலேயே, ஒரு வார்த்தை பேசாமல், அதை எடுத்து வலப்பக்கம் மாற்றினாள். பழகிப்போன கை செய்கிற வேலை மாதிரி இருந்தது அது.

சமையலறைக்குள் அவள் பின்னால் போனேன். சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டாள்:

“கேள்விப்பட்டியா?”

“டாக்சியில.”

“டாக்சி வரைக்கும் போயிடுச்சா!” ஈரக் கையோடு நெற்றியைத் தொட்டுக்கொண்டாள்.

“நம்ம போட்டு இல்லையே?”

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டாள்.

“அத்தான்கிட்ட கேட்டியா?”

“கேக்கக் கூடாதுல்லடா.”

இந்த ‘கேக்கக் கூடாது’ எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அத்தானின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் கடலில் பிறந்தவர் அல்ல. டவுன் பஸ் ஓட்டியவர். ஊருக்குள்ளிருந்து துறைமுகம் வரை போகும் வண்டி. கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தபடி சாப்பிடுவார். கம்பெனி அந்த வழித்தடத்தையே நிறுத்தியபோது, வேறு வண்டிக்குப் போகச் சொன்னார்கள். “கடைசி ஸ்டாப்புல கடல் இல்லாத ரூட்டு எனக்கு எதுக்கு?” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, படகு ஓட்டும் சான்றிதழுக்குப் படிக்கப் போனார். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அவர் வயதில் பாதி.

படகு வாங்கிய முதல் வாரமே வலப்பக்கம் ஒரு பஸ் கண்ணாடியைப் பொருத்தினார். பின்னால் யாரும் வராத கடலில் பின்னால் பார்க்கக் கண்ணாடி! துறையே கூடி நின்று சிரித்தது. அங்கே இன்னொரு படகு வைத்திருப்பவருக்கு ஹாரன் என்று பெயர். அவர் பேசினால் அலைதடுப்புச் சுவர் தாண்டியும் கேட்கும். அவர்தான் ஆரம்பித்தார்.

“ஏண்ணே, கடல்ல ஸ்பீடு பிரேக்கர் எந்தெந்த இடத்துல இருக்குன்னு படிச்சிட்டீங்களா?”

“உன் மூஞ்சி எதிர்ல வந்தா வண்டி தானா ஸ்லோ ஆயிடும்டா. தனியா எதுக்கு பிரேக்கர்?”

ஆட்கள் ஏறும்போது, “ஏறினவங்க உள்ள போங்க, படியில தொங்காதீங்க, கை தலையை வெளிய நீட்டாதீங்க” என்று கத்துவார். நடுக்கடலில் இன்ஜினைக் குறைத்துவிட்டு, “அடுத்த ஸ்டாப் திமிங்கலம், இறங்கறவங்க இறங்க வேணாம்” என்பார். ஆட்கள் அதற்காகவே அவர் படகைத் தேடி வந்தார்கள்.

அந்த நாளில் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஒரு திமிங்கலம் மூச்சு விட்டால் போதும், ஏழு படகும் வெல்லத்தைக் கண்ட ஈ மாதிரி போய் மொய்க்கும். யார் கிட்டே போகிறாரோ அவர்தான் கெட்டிக்காரர். ஒருமுறை ஒரு தாய்த் திமிங்கலம் வாலால் நீரை அறைந்துகொண்டே இருந்ததாம். ஆட்கள் அது விளையாடுகிறது என்று கைதட்டினார்களாம். அத்தான் மட்டும், “இது விளையாட்டு இல்ல. எங்க பஸ்ஸுல கைக்குழந்தையோட ஏறின பொம்பள நெரிசல்ல இப்படித்தான் முழங்கையால இடிப்பா” என்று சொல்லிப் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த பருவத்தில் அந்தப் பக்கம் ஒரு திமிங்கலம்கூட வரவில்லை. துறையே காய்ந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் பயம் வந்தது.

கூட்டிப் பேசியவர் சிஸ்டர். கன்னியாஸ்திரி அல்ல, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் விட்டுப்போன படகை நடத்துகிறார். பருமனான உடம்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. சட்டம் இல்லை, அபராதம் இல்லை, அதிகாரி இல்லை. ஏழு பேரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். அதனால் அதற்குப் ‘பேச்சு’ என்றே பெயர் வந்துவிட்டது. திமிங்கலம் கண்ணில் பட்டதும் தூரத்திலேயே வேகம் குறைக்க வேண்டும். நூறு மீட்டருக்குள் போகக் கூடாது. முன்னால் போய் மறிக்கவோ பின்னால் துரத்தவோ கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு படகுக்கு மேல் நிற்கக் கூடாது, அரை மணிக்கு மேல் தங்கக் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் எந்தக் காரணம் கொண்டும் போகக் கூடாது. அதுவாக நம்மை நோக்கி வந்துவிட்டால், இன்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டு, அதுவாகப் போகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை அத்தான் வேதம் மாதிரி பிடித்துக்கொண்டார். தூரத்தில் ஒரு நீர்க்குமிழி தெரிந்தாலும் நியூட்ரல்தான். ஆட்களுக்கு வாந்தி வரும்வரை படகு ஆடிக்கொண்டு கிடக்கும். அப்படித்தான் அவருக்கு நியூட்ரல் என்று பெயர் வந்தது. “நியூட்ரல் வீட்டுல சாம்பார் கொதிச்சாலும் அடுப்பைத் தொட மாட்டார், அதுவா ஆறட்டும்பார்” என்று ஹாரன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

விதி போட்டாயிற்று. மீறினால் என்ன செய்வது? அதற்கும் சிஸ்டர்தான் வழி சொன்னார். அவருடைய வார்டில் பணி மாறும் நேரத்தில் நர்ஸுகள் வட்டமாக நின்று, அவரவர் செய்த பிசகை அவரவரே சொல்ல வேண்டுமாம். ‘மருந்து தாமதமாக் குடுத்தேன்’, ‘ஊசி மாத்திப் போட இருந்தேன்’ என்று. சொன்னவளை யாரும் திட்டக் கூடாது. சொல்லாதவளை யாரும் கேட்கக் கூடாது. கேட்க ஆரம்பித்தால் மறைக்க ஆரம்பிப்பார்கள் என்பது சிஸ்டரின் கணக்கு. தினமும் சாயங்காலம், டிக்கெட் கௌண்டருக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டில், ஏழு பேரும் உட்கார்ந்து அவரவர் குற்றத்தை அவரவர் சொல்லி, சிஸ்டர் “சரி, அடுத்து” என்றதும் எழுந்து போவார்கள். இத்தனை வருஷம் அது நிலைத்து நின்றது. ஆச்சரியம்தான், ஆனால் நின்றது.

கௌண்டரில் டிக்கெட் கொடுக்கும் அக்காவும் அந்தப் பேச்சுக்குள்தான் அடக்கம்.

நான் போய் இறங்கிய அன்று சாயங்காலம் அத்தான் என்னையும் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். லைஃப் ஜாக்கெட் அடுக்கிய மரப்பெட்டிகள்தான் இருக்கை. ஈர ரப்பர் நாற்றம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“ம், ஆரம்பிங்க” என்றார் சிஸ்டர்.

ஹாரன் தொண்டையைச் செருமினார். “என் பார்ட்டில ஒருத்தன் ட்ரோன் விட்டுட்டான். நான் பார்க்கறதுக்குள்ள அது திமிங்கலத்துக்கு ஷேவிங் பண்ற உயரத்துக்குப் போயிடுச்சு. பிடுங்கி வச்சுட்டேன்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு உடனே அடங்கியது.

“சரி. அடுத்து.”

“நான் அரை மணிக்கு மேல நின்னுட்டேன், சிஸ்டர். புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு அந்தப் பொண்ணு அழுதுடுச்சு.”

“சரி. அடுத்து.”

ஒவ்வொருவராகப் போய்க் கடைசியில் அத்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்ல, சிஸ்டர்.”

டவுன் பஸ்ஸின் பின்சீட்டு வரை கேட்ட குரல் அது. அன்று பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது.

சிஸ்டர் ‘சரி’ சொல்லாமல் அவரையே பார்த்தார். பொறுக்க முடியாமல் ஹாரன்தான் எழுந்தார்.

“அப்ப அந்தக் குட்டி தானா வந்து முட்டிக்கிச்சா?”

“கேக்கக் கூடாது” என்றார் சிஸ்டர்.

“யாரையும் கேக்கல, சிஸ்டர். காத்துக்கிட்ட சொல்றேன். இத்தனை நாளா இதே ஷெட்டுல உட்கார்றோம், ட்ரோனு, ஜோடின்னு கதை பேசறோம். பெரிய விஷயத்தை மட்டும் ஒருத்தனும் சொல்லல. அப்ப பேச்சு செத்துடுச்சுன்னுதான அர்த்தம்? நான் மட்டும் நூறு மீட்டர்ல நின்னு பார்ட்டிகிட்ட திட்டு வாங்க, நான் என்ன இளிச்சவாயனா? நாளைலேர்ந்து நானும் கிட்டதான் போவேன். திமிங்கலத்துக்கு மூக்குத் துவாரம் எவ்வளவு பெருசுன்னு காட்டுறேன்.”

இரண்டு தலைகள் மெல்ல ஆடின. சிஸ்டர் மறுப்புச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, மறுபடி பிரித்து, மறுபடி மடக்கினார்.

ஹாரன் அமர்ந்திருந்தது அத்தானுக்கு இடப்புறம். அவர் பேசிய நேரமெல்லாம், அவரைப் பார்ப்பதற்காக அத்தான் கழுத்தை மட்டும் திருப்பவில்லை. மார்போடு முழுசாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

இருவரும் நடந்தே திரும்பினோம். தெரு முனையில் இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பெல் அடித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அத்தான் நடந்துகொண்டே இருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். சைக்கிள் அவர் முழங்காலை உரசிக்கொண்டு, ஒரு கெட்ட வார்த்தையையும் விட்டுவிட்டுப் போனது.

“இப்பல்லாம் சத்தமே இல்லாம வர்றானுங்க” என்றார்.

வீட்டில் அவர் குளிக்கப் போனதும் அக்கா கொடியில் கிடந்த துணிகளை என்மேல் போட்டு மடிக்கச் சொன்னாள். அவர் சட்டை ஒன்றைக் காட்டினாள். இடது தோளில் நூல் நைந்து பஞ்சாகியிருந்தது.

“தினமும் கதவு நிலையில இடிச்சுக்கிறார். தோள்ல நீலம் பூத்திருக்கு. கேட்டா, வீடு சின்னதாயிடுச்சுங்கறார்.”

“கண்ணு டாக்டர்கிட்ட போகலையா?”

“கூட்டிட்டுப் போனேன்டா. ஒரு டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னாங்க. மருந்து வாசனை ஒத்துக்கலைன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டார். ஒத்துக்காதது மருந்து வாசனையா? டெஸ்ட்டுல ஏதாவது சொல்லிட்டா நாளைக்கு ஸ்டியரிங்கைத் தொட முடியாதுல்ல. போட்டு முன்னாடி நின்னு பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தார், அவரும் வேற துறைக்குப் போயிட்டார். புது ஆள் போடுங்கன்னா, பஸ் டிரைவர் கண்ணு போதும்கிறார்.”

“குட்டிய இடிச்சது இவர்தான்னு நினைக்கிறியா?”

அவள் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“இடிச்சிருந்தா அவர் அன்னைக்கே சொல்லியிருப்பார். அந்த ஷெட்டுல முதல் முதல்ல எழுந்து தப்பை ஒத்துக்கிட்டவர் அவர்தான். எனக்கு அந்தப் பயம் இல்லடா. இடிச்சதே அவருக்குத் தெரியலையோன்னு பயம்.”

“கேட்டுடேன், அக்கா. பொண்டாட்டிதான?”

“நான் கேட்டா நாளைக்கு ஹாரன் பொண்டாட்டி கேப்பா. அப்புறம் ஆளாளுக்கு மத்தவனைக் கேப்பான், எல்லாரும் மறைக்கக் கத்துக்குவான். அதுவும் போக...” குரல் தாழ்ந்தது. “கேட்டா சொல்லிடுவாரோன்னும் இருக்கு. நீ வெளியாள். உனக்குக் கட்டுப்பாடு இல்ல. காலைல கூடப் போ. நாளைக்கு போட்டு ஃபுல்லுடா. எல்லா சீட்டுக்கும் நான்தான் டிக்கெட் குடுத்திருக்கேன்.”

காலையில் கடல் தட்டையாக, குற்றம் சொல்ல இடமில்லாமல் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் வரிசையில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய், பள்ளிப் பிள்ளைகள் இருவரோடு ஒரு குடும்பம், பெரிய கேமராக்களோடு ஒரு கூட்டம். அக்கா கௌண்டரிலிருந்து என்னைப் பார்த்தாள், கை அசைக்கவில்லை.

“ஏறினவங்க உள்ள போங்க, படியில தொங்காதீங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. ஏனென்றால் அப்போதுதான் அதைப் பார்த்தேன். வலப்பக்கத்துப் பஸ் கண்ணாடி உப்பு அரித்துப் பழசாகிக் கிடந்தது. இடப்பக்கம் இன்னொன்று இருந்தது. பளபளவென்று, திருகாணிகூடத் துருப்பிடிக்காமல், புத்தம்புதிதாக.

ஆக, அவருக்குத் தெரியும். கொஞ்சமாவது தெரியும்.

ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலைதடுப்புச் சுவர் தாண்டியதும் அத்தான் வேகம் எடுத்தார். வலப்பக்கம் ஒரு டால்ஃபின் கூட்டம் தென்பட, படகிலிருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் சாய்ந்து கேமராவைத் தூக்கினார்கள். அத்தானும் அங்கேதான் பார்த்தார். இடப்பக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

முதலில் தெரிந்தது ஒரு வழவழப்பு. சுற்றிலும் சிற்றலை இருக்க, ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் தடவியது போல வட்டமாக, அசைவில்லாமல் நீர். அடியில் பெரிய உடம்பு ஒன்று வாலை வீசிப் போனால் மேலே அப்படி ஒரு தடம் விழும் என்று அத்தானே எனக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு அதைவிடக் கிட்டத்தில் இன்னொரு வட்டம். அதன் நடுவிலிருந்து சாம்பல் நிற முதுகு ஒன்று எழுந்தது. சின்னது. நாங்கள் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தோம். படகு வேகம் குறையவில்லை.

கடைசியில் என் வாயிலிருந்து வந்தது எச்சரிக்கை அல்ல, கேள்வி.

“அத்தான், இடது பக்கம் என்ன தெரியுது?”

“கடல் தெரியுது. ஏன்?”

“குட்டி, அத்தான். குட்டி!”

அவர் உடம்போடு திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கப்போவதில்லை. கைப்பிடியை நியூட்ரலுக்கு இழுத்தார். ஆனால் படகுக்கு பிரேக் கிடையாது. இன்ஜின் சத்தம் தணிந்த பிறகும் அது தன் போக்கில் வழுக்கிக்கொண்டே போனது. சாம்பல் முதுகு படகின் முகப்புக்கு அடியில் மறைந்தது. இடிக்கப்போகிறது, இதோ இடிக்கிறது என்று கால் விரல்களை இறுக்கிக்கொண்டு நின்றேன். எதுவும் இடிக்கவில்லை. குட்டி இடப்பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், மெல்ல மேலே வந்தது. அதன் முதுகில் வெளுத்த கோடு ஒன்று நீளமாக ஓடியது. தழும்பா, நீர் வழிந்த தடமா? மறுபடி பார்க்க எனக்குத் துணிவில்லை.

அதே நொடி வலப்பக்கம் பேரிரைச்சலோடு மூச்சு எழுந்தது. அழுகிய மீனின் நாற்றம் படகை மூடியது. ஆட்கள் ஆனந்தத்தில் கூவினார்கள். தாய் அந்தப் பக்கம். குட்டி இந்தப் பக்கம். நாங்கள் நடுவில்.

தாய் வாலால் நீரை ஒருமுறை அறைந்துவிட்டு மூழ்கியது. ஆட்கள் கைதட்டினார்கள்.

அத்தான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இனி இன்ஜினை முடுக்க முடியாது; குட்டி படகின் நிழலிலேயே கிடந்தது. விலகவும் முடியாது. நான் மெதுவாகக் கேட்டேன், கேட்கக் கூடாததை.

“அன்னைக்கும் இப்படித்தானா?”

ஸ்டியரிங்கை விடாமலே சொன்னார். “அன்னைக்கு ஒரு தட்டு தட்டுச்சு மச்சான். இடது பக்கம், அடியில. மரக்கட்டைன்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லையா, இல்ல எனக்குத்தான் தெரியலையா... அது இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

“ஷெட்டுல சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது? செஞ்சதைத்தான் சொல்லணும்னு பேச்சு. செஞ்சேனான்னே தெரியாதவன் என்னத்தைச் சொல்றது? யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல.”

அப்போது தூரத்தில் வெள்ளை நுரை தெரிந்தது. ஒரு படகு. நாங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, இங்கே திமிங்கலம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, முழு வேகத்தில் நேராக வந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரே பெயிண்ட். ஆனாலும் அந்த வேகத்தில் வருவது யார் என்று இருவருக்கும் தெரிந்தது. சொன்னதைச் செய்கிறார் ஹாரன். மூழ்கிப்போன தாய் எந்த இடத்தில் எழும் என்று எங்களுக்கே தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்?

“நிக்கச் சொல்லுங்க, அத்தான்.”

“சொன்னா நிப்பானா? நீ கிட்டப் போலாம், நான் போகக் கூடாதான்னு கேப்பான்.” வயர்லெஸ்ஸின் ஒலிவாங்கியை எடுத்தார். அதை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு வெறுமனே நின்றார். நுரை பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தப் படகின் இரைச்சல் இப்போது கேட்டது. ஏழு படகிலும், கௌண்டரிலும், ஆள் இருக்கும் இடமெல்லாம் அந்த வயர்லெஸ் திறந்திருக்கும்.

“எல்லா போட்டுக்கும். நியூட்ரல் பேசறேன்.” அந்தப் பெயரை அவரே தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. “ஹாரன், அங்கேயே நில்லுப்பா. தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல வந்துட்டேன். என் தப்புதான். குட்டி இடது பக்கம் இருந்துச்சு, பார்க்கல. எனக்கு... எனக்கு இடது பக்கம் தெரியறதில்ல. கொஞ்ச நாளாவே. அன்னைக்கு அந்தக் குட்டிய இடிச்சதும் நானா இருக்கலாம். மரக்கட்டைன்னு நினைச்சுட்டேன். சாயங்காலம் ஷெட்டுல சொல்ல வேண்டியது. அது வரைக்கும் வச்சிருக்க முடியல. நில்லுப்பா, தாய் அடியில இருக்கு.”

பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது.

படகில் கைதட்டல் நின்றிருந்தது. இது அவர்களுக்கும்தான் கேட்டிருக்கிறது. கைக்குழந்தைக்காரி குழந்தையின் ஜாக்கெட் வாரைப் பிடித்து இன்னும் இறுக்கினாள். பெரிய கேமராக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “டிரைவருக்குக் கண்ணு தெரியாதாமா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, குரல் உடைந்திருந்தது. எல்லோரும் கரை இருக்கும் திசையைப் பார்த்தார்கள். கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

தூரத்து நுரை சரிந்தது. ஹாரனின் படகு முகப்பைத் தாழ்த்தி, நூறு மீட்டருக்கு வெகு அப்பாலேயே நின்றுவிட்டது. ஆனால் அவர் பேசவில்லை. வேறு யாரும் பேசவில்லை. சொன்னவனைத் திட்டக் கூடாது என்பதுதான் பேச்சு. ஆனால் சிஸ்டரிடமிருந்து ‘சரி’ என்ற அந்த ஒற்றைச் சொல்கூட வரவில்லை. இனி இவரைக் கடலுக்குள் விடுவார்களா, இவரே இறங்கிவிடுவாரா, இந்த ஆட்களை யார் கரை சேர்ப்பது, எதுவும் தெரியாமல் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தானின் சட்டைப்பையில் ஃபோன் ஒலித்தது.

எடுத்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். அக்கா. கௌண்டரில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கேட்க முடியாமல் இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கேட்கப்போகிறாளா, அழப்போகிறாளா, இல்லை எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து விடுங்கள் என்று மட்டும் சொல்லப்போகிறாளா?

அவர் எடுக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த பலகையில் வைத்தார். அது அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்தது.

“எடுங்க, அத்தான். பயந்துட்டிருப்பா.”

“இரு மச்சான். தாய் மேல வரட்டும்.”

தாய் இன்னும் எழவில்லை. குட்டி எங்கள் நிழலில் மூச்சுவிட்டது, மறுபடி விட்டது. ஆட்கள் அத்தனை பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபோன் ஒலித்துக்கொண்டே இருந்தது.